கேமரா ஓடுவதற்குள் தீர்ந்துபோன அரண்மனை விருந்து

அன்றைக்கு அந்தப் பழைய மாளிகையில், எங்கள் பக்கம் வளவு வீடு என்போம், இருந்தவர்களை ஆள் விடாமல் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது "நானும்தானே இருந்தேன், என்னைய விட்டுட்டீங்களே" என்று போன் எடுத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

டைரக்டர் மிஸ். கேமராக்காரர் இரண்டு பேர். லைட் பிடிக்கிறவர்கள் மூன்று பேர். உடுப்பும் மேக்கப்பும் பார்த்த பெண்கள் இரண்டு பேர். கொழும்பிலிருந்து வந்த ராஜா ஒருவர். எல்லா ஒழுங்குகளையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடித்திரிந்த ரிஸ்வான் நானா. ராஜாவின் உறவுக்காரர்களாக நடிக்க கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த முப்பத்தாறு பேர். அவர்களைக் கூட்டி வந்த சிவகாமி அக்காவும் அந்த முப்பத்தாறுக்குள் அடக்கம். சமையலுக்கு நானும் என் மனைவி புஷ்பமும். மேல்மாடி ஜன்னலில் வீட்டுக்கார அம்மா. வாசலில் ஒரு நாயும் இருந்தது. அது போன் எடுக்காது.

பெரிய மண்டபத்தில் முப்பத்தாறு பேரும் எதிரெதிரே இரண்டு வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பளைகளுக்குச் சரிகைத் தலைப்பாகை. பொம்பளைகளுக்குப் பட்டு, மூக்குத்தி, கழுத்து நிறைய மினுங்குகிற மணி. முன்னால் தலைவாழை இலை. இலையில் ஆவி பறக்கிற சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சாம்பல் வாழைக்காய்ப் பொரியல், பலாக்கொட்டை, உளுந்து வடை.

லைட்காரர் ஒருவர் "இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு" என்று சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

நான் தூணுக்குப் பின்னால் வாளியோடு நின்றேன். வாளிக்குள் மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். காரணம், மிளகாய்.

மிளகாய்க் கவலை

போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்தவர்களுக்கு என் கடையைத் தெரியும். படிக்காதவர்களுக்காக: கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பகலில் சோத்துப் பார்சல். கல்யாணம், சடங்கு, ஞானஸ்நானம் என்று ஓடர் வந்தால் அதுவும் செய்வோம்.

ரிஸ்வான் நானா எங்கள் கடையில்தான் பகல் சாப்பாடு. கண்டிப் பக்கம் யார் படம் பிடிக்க வந்தாலும் வேன், ஆள், கதிரை, மேசை எல்லாம் ஏற்பாடு பண்ணிக் கொடுப்பது அவர் தொழில். ஒருநாள் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"அந்தோனி, ஒரு ஓடர் ஈக்கி. ராஜா ஊட்டுச் சாப்பாடு. செய்ய ஏலுமா?"

"எந்த ராஜா நானா?"

"மவுத்தாகி எரநூறு வருசமான ராஜா. அவரு காசு தர மாட்டாரு. டீவிக்காரங்க தருவாங்க."

விசயம் இதுதான். அரசாங்கத் தொலைக்காட்சியில் கலை, சரித்திரம், நாடகம் என்று புதுசாகக் கொஞ்சம் நிகழ்ச்சி போடப் போகிறார்கள். அதிலே ஒன்று கண்டி ராஜ்ஜியத்தின் கடைசிக் காலத்தைப் பற்றிய நாடகம். மதுரைப் பக்கத்திலிருந்து ராணிமாரும் அவர்களுடைய சொந்தக்காரரும் வந்து கண்டி அரண்மனையில் இருந்தார்கள் அல்லவா, அவர்கள் ராஜாவோடு உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிற காட்சி. முழுக்கத் தமிழில் பேச்சு. நிஜச் சாப்பாடு வேண்டும், ஆவி பறக்க வேண்டும் என்று டைரக்டர் மிஸ்ஸுக்குப் பிடிவாதம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். சரித்திரப் புத்தகத்தில் கண்டி ராஜா கடைசிப் பாடத்தில் இருந்தார். எங்கள் டீச்சர் எந்த வருஷமும் கடைசிப் பாடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அந்த ராஜா என்ன சாப்பிட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தப்பாகச் சமைத்து வைத்து, நாடு முழுக்கப் பார்த்து, "கண்டியில ஒரு மடையன் ராஜாவுக்கு உருளைக்கிழங்கு போட்டிருக்கான்" என்று பேப்பரில் எழுதினால்?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தினமும் பார்சல் கொண்டுபோவேன். அங்கே சரித்திரம் படிப்பிக்கிற சேர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னிடம் மீன் பார்சல் எடுப்பவர். அவரை மறித்துக் கேட்டேன்.

"சேர், அந்தக் காலத்துல மிளகாய் இருந்துச்சுங்களா?"

"ஓம் அந்தோனி, மிளகாய் வந்து கனகாலம். பயப்பிடாதையும். உருளைக்கிழங்கு, தக்காளி, கரட், லீக்ஸ், இதுகளை மட்டும் விட்டிடும்."

அடுத்த நாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள் சேர் என்னைக் கண்டதும் தூரத்திலிருந்தே "இருந்தது, இருந்தது" என்று கையை ஆட்டினார்.

வீட்டில் புஷ்பம் வேறு.

"தக்காளி இல்லாம என்னாங்க ரசம்?"

"ராஜா வீட்ல தக்காளி இல்லாமத்தான் இருந்திருக்காங்க."

"அதான் ராஜ்ஜியம் போயிருச்சு."

இப்படி மிளகாய்க்குக் கவலைப்பட்டேன். வடை ஓட்டைக்குக் கவலைப்பட்டேன். அந்தக் காலத்து வடையில் ஓட்டை இருந்ததா? இலை கிழியுமோ, மழை வருமோ, வேன் நின்றுபோகுமோ என்று ஒன்று விடாமல் கவலைப்பட்டேன். நடந்தது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பாதியில் நின்ற நாடகங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும், கோபிக்காதீர்கள்.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து, ஒரே ஒரு டீவிதான். தோட்டத் தலைவர் வீட்டில். கார் பேட்டரியில் ஓடும். கிழமையில் ஒரு தமிழ் நாடகம் வரும். ஜன்னலில் பாதிப் பேர், கதவில் மீதிப் பேர். நாடகம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துப் படம் சுருங்கி, சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி அணைந்துவிடும். பேட்டரி முடிந்தது.

அந்த வீட்டுப் பிள்ளை கடைசியில் யாரைக் கட்டினாள், காணாமல் போன அண்ணன் திரும்பி வந்தானா, எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதும் எந்த நாடகம் முடிகிற கட்டத்துக்கு வந்தாலும் எழும்பிப் போய் பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். புஷ்பம் சிரிப்பாள்.

அதனால்தான் சிவகாமி அக்கா ஆட்களின் சந்தோஷம் எனக்கு விளங்கியது. அக்காவுக்கு ஐம்பது இருக்கும், கொழுந்து எடுக்கிறவர், பேச்சில் கெட்டி. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே என்னிடம் சொன்னார்:

"டிவிசன் முழுக்கச் சொல்லியாச்சு தம்பி. கோயில் ஸ்பீக்கர்லயும் சொல்லிட்டாங்க. ராஜாவோட சொந்தக்காரங்களா வர்றோம்னு. எங்க பெரிய தொரைக்கே தெரியும்."

"நடிக்கப் பயமா இல்லீங்களா அக்கா?"

"சாப்புடத்தானே சொல்லிருக்காங்க? அதுக்கு என்னா பயம்? விருந்துன்னதும் காலையில ஒருத்தரும் பச்சத் தண்ணி குடிக்கல."

கடைசி வரியை நான் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு விசயம். ஹேவாஹெட்ட போகிற வழியில் இருந்த அந்த வளவு வீடு எங்களுக்கு அன்று பின்னேரம் ஆறு மணி வரைக்கும்தான். மறுநாள் வீட்டுக்கார அம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பூ அலங்காரம் செய்கிறவர்கள் வேனோடு கேட்டுக்கு வெளியே காத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

வெக்கப்படாம சாப்பிடுங்க

மண்டபத்துக்கு வருவோம்.

லைட் சரிவரவில்லை. டைரக்டர் மிஸ் வெளியே மாமரத்தடியில் கொழும்போடு போனில் வாக்குவாதம். முப்பத்தாறு பேர் முன்னாலும் நிறைந்த இலை. ஒருவரும் கை வைக்கவில்லை.

கல்யாண வீடுகளில் சமைக்கிறவனுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். இலை போட்டு, சோறு போட்டு, கறி போட்டு, ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் நமக்குச் சந்தேகம் மேல் சந்தேகம் வரும். சோற்றில் மயிர் கிடக்கிறதோ? உப்புக் கூடிவிட்டதோ? அப்படி ஒரு பந்தி தயங்கினால் நான் வரிசையில் இறங்கி ஒவ்வொருவராக உபசரித்துக்கொண்டே போவேன். இத்தனை வருஷப் பழக்கம்.

சிவகாமி அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். என் கால் தன்பாட்டுக்கு நடந்தது.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. வெக்கப்படாம சாப்பிடுங்க. சோறு ஆறுது."

"சாப்புடலாமாங்க?"

"அதுக்குத்தானே அக்கா போட்டிருக்கு!"

முப்பத்தாறு வலது கைகளும் ஒரே நேரத்தில் சோற்றில் இறங்கிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

பிறகு நான் நானாக இல்லை. "இன்னும் கொஞ்சம் பருப்பு? வடை வைக்கவா? அண்ணே, ரசத்துக்கு இடம் வைங்க." புஷ்பம் உள்ளேயிருந்து வாளி வாளியாக எடுத்துக் கொடுத்தாள். ராஜா பசி தாங்காமல் கிரீடத்தோடு வந்து வரிசைக் கடைசியில் உட்கார்ந்தார். அவருடைய மீசையின் ஒரு பக்கம் கழன்று ரசத்தில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார். லைட்காரர்களும் ஆளுக்கொரு இலை கேட்டார்கள். மரக்கறிச் சாப்பாடுதானே என்று ரிஸ்வான் நானாவும் உட்கார்ந்தார்.

அவ்வளவு நல்ல பந்தி என் வாழ்க்கையில் நடந்ததில்லை. எல்லோரும் திருப்தியாக இலையைத் தங்கள் பக்கமாக மடித்தார்கள்.

டைரக்டர் மிஸ் உள்ளே வந்தார். லைட் ரெடி என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வந்தவர் முன்னால் மடித்த இலைகள் இரண்டு வரிசை.

"கேம கோ?" என்றார். சாப்பாடு எங்கே என்று.

சிவகாமி அக்காதான் மரியாதைக்குத் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "போஹொம ரசய், மிஸ்" என்றார். ரொம்ப ருசி என்று.

மிஸ் பக்கத்தில் இருந்த கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். ஏசினால் பரவாயில்லை. ஏசவில்லை. ரிஸ்வான் நானாவிடம் சிங்களத்தில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். நானாவின் முகம் சுண்டிப்போனது.

"என்ன நானா?"

"நாளைக்கி ஊடு இல்ல. இன்னொரு நாளுக்குக் காசும் இல்ல. விருந்துக் காட்சிய வெட்டிட்டுக் கதைய அங்கால கொண்டுபோகலாம்னு செல்றாங்க."

சிவகாமி அக்கா எழும்பினார். "அப்ப நாங்க டீவில வர மாட்டோமா?"

முப்பத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சோறு முழுவதும் என் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. கோயில் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. மனதுக்குள் புனித அந்தோனியாரைக் கூப்பிட்டேன்.

அப்போதுதான் புஷ்பம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மிஸ், வெளிச்சம் எவ்வளவு நேரம் இருக்கும்? இன்னொருக்கா சமைக்கிறோம்."

நானா அதைச் சிங்களத்தில் சொல்ல, மிஸ் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"எதை வச்சு?" என்று நான்தான் கேட்டேன். அண்டாவில் ஒரு பருக்கை இல்லை.

"கடைன்னு ஒண்ணு இல்லாமயா இருக்கும்? ஓடுங்க!"

எல்லாம் வேண்டாம், என்ன வேணும்?

ரோட்டு வளைவில் பண்டா முதலாளியின் கடை. நானும் ரிஸ்வான் நானாவும் வேனை நிறுத்தி இறங்கினோம். வாசலில் அழகாக அடுக்கியிருந்தது: உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட், தக்காளி, உள்ளே சோயா மீட் பைக்கற்றுகள்.

"இது வேணாம். இதுவும் வேணாம். அது வேணவே வேணாம்."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். "மல்லி, கடைக்கு வந்து எல்லாம் வேணாம் சொல்றது. என்னா வேணும்?" மல்லி என்றால் தம்பி.

"எரநூறு வருசத்துக்கு முந்தி இருந்த மரக்கறி, முதலாளி."

அவர் ரிஸ்வான் நானாவைப் பார்த்தார். "இவருக்குச் சொகமில்லையா?"

நானா சிங்களத்தில் முழுக் கதையையும் சொன்னார். முதலாளி சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. பிறகு அவரே பின்பக்கம் போய்த் தன் தோட்டத்துப் பூசணியில் பெரியது இரண்டை அறுத்துக்கொண்டு வந்தார். வாழைக்காய்ச் சீப்பும் வெட்டினார். அரிசி, பருப்பு, தேங்காய், பப்படம், எண்ணெய், கித்துள் கருப்பட்டி எல்லாம் வேனுக்குள் ஏறியது. என் சட்டைப் பையைத் தடவினேன். பஸ் காசு மட்டும் கிடந்தது. நானாவிடமும் அவ்வளவுதான்.

"அப்புறமா தர்றேன் முதலாளி. கண்டிப்பா தர்றேன். பேரு அந்தோனி, கடை கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால…"

"போ மல்லி, போ. ராஜா பசியில இருக்கும்."

ராஜா ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார் என்பதை நான் சொல்லவில்லை.

வழியில் ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சிவப்புப் பருப்பு அந்தக் காலத்தில் இருந்ததா? பேராதனைச் சேருக்குப் போன் எடுக்கலாமா? அடுப்படிக்கு வந்தும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். புஷ்பம் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நாங்கள் இரண்டு பேர் போதாது என்று கண்டதும் ராஜ உறவினர் எல்லோரும் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூசணி வெட்டினார்கள். சரிகைத் தலைப்பாகையோடு நாலு பேர் தேங்காய் துருவினார்கள். உடுப்புப் பார்த்த பெண்கள் இரண்டு பேரும் "ஐயோ, மஞ்சள்! ஐயோ, எண்ணெய்!" என்று பின்னாலேயே ஓடினார்கள்.

மிஸ் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பு வேணாம், நேரம் போகுது. கேமராவுக்கு ருசி தெரியாது" என்று நானா மூலம் சொல்லிவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. உப்புப் பார்த்துத்தான் இறக்கினேன்.

வயிறு நிறைந்த சொந்தக்காரர்

மறுபடி இலை. மறுபடி ஆவி பறக்கிற சோறு. பரிமாற வேண்டிய அரண்மனைச் சேவகர் வேஷம் யாருக்கும் சரிவராததால் எனக்கே ஒரு வேட்டியைக் கட்டி வாளியோடு நிறுத்தினார்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கவே கூடாது என்று மிஸ் விரலால் காட்டினார்.

இப்போது புதுத் தொல்லை. சாப்பிட ஒருவருக்கும் இடமில்லை.

"தம்பி," சிவகாமி அக்கா உதடு அசையாமல் சொன்னார், "இன்னொரு பருக்க உள்ள போனா நான் வெடிச்சுருவேன்."

"சும்மா கையை வச்சுக் கிளறுங்க அக்கா."

"இலையில போட்ட சோத்தக் கிளறி வச்சுட்டு எந்திரிக்கிறதா? நல்லா இருக்கே பேச்சு!"

"ஆக்‌ஷன்!" என்றார் மிஸ்.

சோற்றை வீணாக்கவும் மனமில்லை, விழுங்கவும் வழியில்லை. முப்பத்தாறு பேரும் விரல் நுனியில் நாலு பருக்கை எடுத்தார்கள். மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார்கள். வாயை மூடி, எங்கேயோ பார்த்து, நிதானமாக மென்றார்கள். ராஜா பேசவேண்டிய வசனத்தை ஏப்பத்தை அடக்கிக்கொண்டு அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். மேல் ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில் சாய்வாக இறங்கியது.

கட் சொன்னதும் மிஸ் கை தட்டினார். "ஹரிம லஸ்ஸனய்!" ரொம்ப அழகு. அரண்மனை ஆட்கள் இப்படித்தான் சாப்பிட்டிருப்பார்கள், இதை நான் சொல்லிக் கொடுத்திருந்தாலும் வந்திருக்காது என்றார்.

நானாவுக்கு உயிர் வந்துவிட்டது. "முந்தி திண்டது தோட்டத்து ஆக்கள். இப்ப திண்டது ராஜ குடும்பம்!"

"நீங்களுந்தான் ரெண்டு இல அடிச்சீங்க நானா," என்றார் சிவகாமி அக்கா. "நீங்க எந்த ராஜ்ஜியம்?"

எல்லோரும் சிரித்து முடிப்பதற்குள் கேட்டுக்கு வெளியே பூ வேன் ஹோன் அடித்தது. இலையில் மிஞ்சியதை ஒருவரும் விடவில்லை. இலையோடு சுருட்டி, பேப்பரில் கட்டி, கலஹா பஸ்ஸில் கொண்டுபோனார்கள். அந்த பஸ் முழுக்கப் பூசணிக்கறி வாசனை அடித்திருக்கும்.

ஒரு கை, பாதிக் கன்னம்

போன கிழமை செய்திக்குப் பிறகு "வரவிருக்கும் நிகழ்ச்சிகள்" என்று டீவியில் காட்டினார்கள். ஒரு சங்கீத நிகழ்ச்சி, பழைய கோட்டைகளைப் பற்றி ஒன்று, அதற்கடுத்து எங்கள் நாடகம். பிளக்கைத் தொட்டுப் பார்க்க எழும்பிய நேரம் புஷ்பம் கத்தினாள்: "உங்க கை! உங்க கை!" நான் திரும்புவதற்குள் ராஜா குதிரையில் போய்க்கொண்டிருந்தார்.

சிவகாமி அக்காவிடமிருந்து உடனே போன்.

"பாத்தீங்களா தம்பி, என் கன்னம் வந்துச்சு! பாதிக் கன்னம்!"

"மெல்லுற மாதிரியா அக்கா?"

"ராணி மாதிரி. மிச்சக் கன்னம் எப்ப வரும்?"

"அடுத்த மாசம் நாடகம் தொடங்குதாம்."

தோட்டத்தில் இப்போதே யார் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பது என்று சண்டையாம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கொழும்பில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறவர்கள் நீளம் என்று அந்தக் காட்சியை வெட்டிவிட்டால்? "விளம்பரத்துலயே போட்டுட்டாங்க, இனி வெட்ட மாட்டாங்க" என்கிறாள் புஷ்பம். நியாயம்தான். ஆனாலும் ரிஸ்வான் நானாவிடம் இந்தக் கிழமை மூன்று தரம் கேட்டுவிட்டேன். அவரும் பேராதனைச் சேர் மாதிரி தூரத்திலேயே கையை ஆட்டத் தொடங்கிவிட்டார்.

இனி, பண்டா முதலாளி.

அன்றைய இரண்டாவது சமையலுக்கும் காசைக் கம்பெனியில் வாங்கி மறுநாளே நானா தந்துவிட்டார். அதைக் கொண்டு நேராக ரோட்டு வளைவுக்குப் போனேன். முதலாளி கையை நீட்டவில்லை.

"என் வட்டக்கா டீவில வரட்டும், மல்லி. பாத்துட்டுக் காசு வாங்குறது." வட்டக்கா என்றால் பூசணி.

விளம்பரம் வந்த மறுநாள் மறுபடியும் போனேன். அவரும் பார்த்திருக்கிறார். குடும்பத்தோடு பார்த்திருக்கிறார்.

"சோறு பாத்தது. ஒங்க கை பாத்தது. வட்டக்கா பாக்கல்ல. போ மல்லி, நாடகம் முழுசா வரட்டும்."

"காட்சியை வெட்டிட்டா முதலாளி?"

"வெட்டுனா நான் டீவிக்காரங்கூட சண்ட. ஒங்கிட்ட இல்ல."

காசு எங்கள் அலுமாரியில், புஷ்பத்தின் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. இன்றைய தேதிக்குப் பண்டா முதலாளிக்கு நான் கொடுக்கவேண்டியது ஏழாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.